கிணற்றடிக் குளத்துச் செய்திகள்

சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை
1941, ஆவணி

அன்புள்ள மச்சாள் மேபலுக்கு,

பிறிஜெற் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே நான், தம்பி வின்சன்ற், உமது மகள் ஐறீன் மூவரும் சுகமாக இருக்கிறோம். அந்தக் கடற்கரை ஆஸ்பத்திரியின் காற்றும் பாலும் முட்டையும் உமக்கு ஒத்துக்கொண்டு, நெஞ்சு வருத்தம் தணிய வேண்டுமென்று தேவதாயாரை மன்றாடுகிறேன்.

உமது கடிதம் கிடைத்தது. கிடைத்தவுடன் தொடவில்லை, குறை நினைக்காதேயும். ஒரு பகல் முழுக்க முற்றத்து வெயிலில் போட்டு வைத்து, பிறகு அடுப்பு இடுக்கியால் பிடித்துக்கொண்டு வாசித்தேன். ஐறீனுக்கென்று உள்ளே தனியாக வைத்திருந்த தாளை அவள் கையில் கொடுக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, தாய் எழுதியது என்றால் முகத்தோடு வைத்து அணைத்துக்கொள்ளும். சயரோகம் தாளில் தொற்றுமா இல்லையா என்பது எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. ஆகவே எழுதியிருந்ததை நானே வாயால் சொல்லிவிட்டுத் தாளை அடுப்பில் போட்டேன். இனிமேலும் அப்படித்தான் செய்வேன். அவளுக்கோ எழுத்துக்கூட்டவே இன்னும் வரவில்லை, தாளை வைத்து என்ன செய்யப் போகிறாள்?

நீர் கேட்டபடியே குளத்து வேலைகள் நடக்கின்றன. காற்று மழைக்கு அழுகும் அல்லி இலைகளை ஐறீன் ஒவ்வொரு காலையும் கொக்கைத்தடியால் இழுத்து எடுக்கிறாள். அந்தூரியச் சட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தியாயிற்று. வாத்துகள் அல்லி மொட்டைக் கொத்தாமல் பழைய மீன்வலையைக் கட்டியிருக்கிறோம். ஆமைகள் இரண்டுக்கும் சோறும் இறால் தலையும் போட்டு, மிச்சத்தைத் தண்ணீர் நாறுவதற்கு முன்னே வாரி எடுக்கிறாள். பெரிய ஆமைக்குப் பெரியவர், சிறியதற்குச் சின்னவர் என்று பெயர் வைத்தது நீரா அவளா? அப்பாவைக் கூட இத்தனை மரியாதையாக அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சுகாதார இன்ஸ்பெக்டர் காய்ச்சல் பரப்பும் நுளம்பு பார்க்க வந்தார். குளத்தை மூடச் சொல்வார் என்று நம்பி நானே கையைப் பிடிக்காத குறையாகக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் குனிந்து பார்த்துவிட்டு, நுளம்புக் குஞ்சுகளை எல்லாம் கப்பி மீன்கள் தின்றுவிடுகின்றன, இந்தத் தெருவிலேயே சுத்தமான தண்ணீர் இதுதான் என்று புகழ்ந்துவிட்டுப் போய்விட்டார். ஐறீன் பூரித்துப் போனாள்.

ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். நீர் கலியாணமாகி வந்த வருடம் அந்தக் குளத்தை வெட்டிய இடத்தில்தான் என் பயற்றங்காய்ப் பந்தல் நின்றது. அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வின்சன்ற் புதுப் பெண்சாதியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய காலம் அது. இப்போது காலையில் எழும்பினால் ‘அம்மா சொன்னவ’, படுக்கப் போனால் ‘அம்மா சொன்னவ’. சோறு ஊட்டுகிற கை என்னுடையது, சொல் மட்டும் உம்முடையது. சரி, வருத்தக்காரியோடு கணக்குப் பார்க்கக் கூடாது. நல்லாய்ச் சாப்பிட்டு, டாக்குத்தர் சொல்வதைக் கேட்டு நடவும்.

இப்படிக்கு,
மச்சாள் பிறிஜெற்


சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை
1942, தை

அன்புள்ள மேபலுக்கு,

புதிய வருடத்தில் சர்வேசுரன் உமக்குப் பொறுமையைக் கூடுதலாகத் தரவேண்டுமென்று வேண்டிக்கொண்டு பிறிஜெற் எழுதுவது.

பாலன் பிறந்த நத்தார் லீவுக்கு ஐறீனைக் கூட்டி வந்து, ஜன்னலுக்கு வெளியே தூர நிறுத்தி ஒரு தரம் காட்டிவிட்டுப் போகலாம்தானே என்று கேட்டு எழுதியிருந்தீர். வின்சன்ற் கடிதத்தை வாசித்துவிட்டு உடனே பெட்டியை எடுத்துத் தூசி தட்டினான். நான்தான் மறித்தேன். பிள்ளையை ரெயிலில் ஒரு நாள் முழுக்க இருத்திக் கொண்டுபோய், இருமுகிற சனத்துக்கு நடுவில் நிறுத்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு எலும்புக்கூட்டைக் காட்டி, இதுதான் உன் அம்மா என்று சொல்ல வேண்டுமா? அவள் மனதில் நீர் நல்ல சேலை உடுத்துப் பூசைக்குப் போகிற அம்மாவாகவே இருக்கட்டும் என்றேன். அவன் பெட்டியைத் திரும்பவும் அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டான்.

அவளைக் கூட்டி வராததற்கு வேறு காரணமும் உண்டு. ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிந்து, கப்பி மீன்கள் தண்ணீரோடு தெரு ஓரச் சாக்கடைக் கானுக்குள் ஓடத் தொடங்கின. நான் கோயிலுக்குப் போயிருந்தேன். இந்தப் பிள்ளை அரிதட்டை எடுத்துக்கொண்டு கானுக்குள் இறங்கி, நான் திரும்பி வருமட்டும் மழையில் நின்று மீன் வாரி வாரிக் குளத்துக்குள் விட்டிருக்கிறாள். மழைத் தண்ணீர் வழிந்தால் மீனை மறிக்க வேண்டுமென்று அம்மா சொன்னவவாம். அன்றைக்கே காய்ச்சல், பிறகு இருமல். டாக்குத்தர் வந்து குழாய் வைத்துப் பார்த்து, வெறும் தடிமன்தான் என்று சொல்லும் வரைக்கும் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

காய்ச்சலில் பிள்ளை பிதற்றினாள். நெற்றியில் ஈரத்துணி போட்டது நான். கஞ்சி பருக்கியது நான். சத்தியெடுத்ததைக் கையில் ஏந்தியது நான். அவள் கூப்பிட்டது உம்மை. எனக்கும் ஒரு பிள்ளை இருந்து, காய்ச்சலில் என்னைக் கூப்பிட வேண்டுமென்று ஆசை இருந்திராதா, மேபல்? ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. நீரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு குளத்தடிக்குப் போகக் கூடாது என்று கட்டளை போட்டேன். மீன்களைப் பக்கத்து வீட்டு ஸமீமாவுக்குக் கொடுத்தேன். அவள் தொட்டியில் விட்டு வளர்க்கிறாள். அந்தூரியங்கள் சட்டியோடு கோயிலுக்குப் போயின. மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள், பார்க்க நல்ல வடிவு. வாத்து இரண்டையும் நத்தாருக்கு வெட்டினோம். சண்டை வந்து சாமான் விலை ஏறிக் கிடக்கும்போது வேறென்ன செய்வது? நான் செய்த பிழை, மேசைக்கு வரும்முன் ஐறீனிடம் சொல்லிவிட்டேன். அவள் அந்த இறைச்சியைத் தொடவேயில்லை. நத்தார் நாளும் அதுவுமாகப் பாண் ரொட்டியும் சீனியும் தின்றாள். இனி எதையும் முன்னதாகச் சொல்லக் கூடாது என்று படித்துக்கொண்டேன்.

ஆமைகளை விட்டு வைத்திருக்கிறேன், பயப்படாதேயும். அவற்றையாவது பார்க்க விடுங்கோ மாமி என்று அழுதாள். கல்நெஞ்சுக்காரி என்று நீர் என்னை நினைத்தாலும், நான் விட்டேன்.

இப்படிக்கு,
பிறிஜெற்


சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை
1942, பங்குனி

அன்புள்ள மேபலுக்கு,

தபசுகாலத்தில் எழுதுகிறேன். உமது பாடுகளையெல்லாம் ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடும்.

இங்கே பாதித் தெரு காலியாகிவிட்டது. குண்டு விழப் போகிறது என்று சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர்களுக்கு ஓடுகிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். வின்சன்றுக்குத் துறைமுகக் கந்தோரில் லீவு இல்லை. அவனை விட்டுவிட்டு நாங்கள் எங்கே போவது? ஐறீனுக்கு நானே ‘அ, ஆ’ சொல்லிக் கொடுக்கிறேன். கெட்டிக்காரி, சொன்னதும் பிடித்துக்கொள்கிறாள்.

ஆமைகளைக் காணவில்லை என்று அவள் அழுததை மாசியில் எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு நீர் எழுதிய பதிலை ஒரு வரி விடாமல் அவளுக்குச் சொன்னேன். வெயில் காலத்தில் குளம் வற்றும்போது பாலாமை செத்துப் போவதில்லை, சேற்றுக்குள் இறங்கித் தூங்கும், கிணற்றுப் பக்கக் கரையில் அல்லிக் கிழங்குக்கு அடியில்தான் எப்போதும் படுக்கும், ஒருவரும் கிண்டக் கூடாது, மழை விழுந்ததும் தானே வெளியே வரும் என்று எழுதியிருந்தீர். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியவரும் சின்னவரும் மழைக்கு எழும்பி வருவதுபோல அம்மாவும் வருத்தம் தீர்ந்து எழும்பி வருவேன் என்று எழுதினீர். அதையும் சொன்னேன். பிள்ளை துள்ளிக் குதித்தாள். அன்றைக்கு இரண்டு முட்டை சாப்பிட்டாள். அதற்கு உமக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் வாசியும். தபசுகாலத்தில் இறைச்சி தொட முடியாது, உமக்குத் தெரியும். மீனோ கண்ணில் காண்பதற்கில்லை. வள்ளங்கள் கடலுக்குப் போகப் பயப்படுகின்றன. பருப்பும் கீரையும் தின்று வின்சன்ற் ஈர்க்குப் போல ஆகிவிட்டான். பூசை முடிந்ததும் சவுந்தரநாயகம் சுவாமியிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். தண்ணீரில் வாழ்கிற குளிர்ந்த இரத்தப் பிராணி மாமிசக் கணக்கில் சேராது, ஆமை தின்றால் தபசு முறியாது என்று சுவாமியே சொன்னார். எதற்காகக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மீன்காரன் மண்வெட்டியோடு வந்தான். எங்கே கிண்டுவது என்று கேட்டான். கிணற்றுப் பக்கக் கரை, அல்லிக் கிழங்குக்கு அடியில் என்றேன். முதல் வெட்டிலேயே பெரியவர் அகப்பட்டார். நீர் அத்தனை விபரமாக எழுதியிராவிட்டால் குளம் முழுக்கக் கிண்டியிருக்க வேண்டும், அல்லிக் கிழங்கும் நாசமாகியிருக்கும். சின்னவரைக் கூலியாக அவனே எடுத்துக்கொண்டான். ஐறீன் அந்த நேரம் ஸமீமா வீட்டில் மீன் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவரை மிளகு போட்டுக் குழம்பு வைத்தேன். அவள் என்ன மீன் மாமி என்று கேட்டாள், பெரிய மீன் என்றேன், இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். வின்சன்றுக்குத் தெரியும். தட்டைப் பார்த்தபடி தின்றான்.

பிள்ளை இப்போது காலையில் எழும்பினால் வானத்தைப் பார்க்கிறாள். முகில் கறுத்தால் வாசலுக்கு ஓடுகிறாள். மழை வந்தால் என்ன சொல்வது என்று மழை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நீர் அதை நினைத்து மனதைப் புண்ணாக்க வேண்டாம், நெஞ்சுக்குக் கூடாது.

இப்படிக்கு,
பிறிஜெற்


சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை
1942, கார்த்திகை

அன்புள்ள மேபலுக்கு,

உமது கடிதம் வந்தது. சளியில் இப்போது கிருமி இல்லை, எக்ஸ்றேப் படத்திலும் நெஞ்சு ஆறியிருக்கிறது, நத்தாருக்கு முன் வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய டாக்குத்தரே சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர். வாசித்ததும் முழந்தாளில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நம்பினாலும் நம்பாவிட்டாலும், சொன்னேன்.

வைகாசிக்குப் பிறகு நான் உமக்கு விபரமாக எழுதவில்லை. சுகம், சுகம் என்று அட்டை மட்டும் போட்டேன். வின்சன்றும் பிள்ளை சுகம் என்றுதான் எழுதியிருப்பான். அது பொய்யல்ல. ஆனால் நீர் புறப்படும்முன் முழுவதையும் அறிய வேண்டும்.

உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு விழுந்ததே, அது எங்களுக்கு ஒரு சேதமும் செய்யவில்லை. எங்களைப் பிடித்தது வைகாசி மழை. முதல் மழை விழுந்ததும் ஐறீன் குடையும் எடுக்காமல் கிணற்றடிக்கு ஓடினாள். குளம் நிறைந்தது, அல்லி துளிர்த்தது, தவளை கத்தியது. ஆமையைக் காணவில்லை. துவைகல்லில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். சோறு கொண்டுவந்து கரையில் போட்டாள், அது ஊறிப் புளித்தது. இறால் தலை கேட்டாள், கொடுத்தேன். பெரியவர், எழும்புங்கோ, மழை வந்திட்டுது என்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள். அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். மழை ஓயும் வரைக்கும் போனாள்.

பிறகு ஒரு காலையில் குளத்தடிக்குப் போகவில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, பெரியவர் சேற்றுக்குள்ளேயே செத்துப் போனாரோ மாமி என்று கேட்டாள். ஓம் பிள்ளை என்றேன். வேறென்ன சொல்ல? அப்ப அம்மாவும் செத்துப்போனாவோ என்று கேட்டாள்.

நான் ஓம் என்று சொல்லவில்லை, மேபல். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்திலும் இதையே சொன்னேன். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துருவலையை வைத்துவிட்டு அவளை இழுத்து மடியில் வைத்தேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்கு முன் ஒருநாளும் அவள் என்னிடம் வந்து அழுதது கிடையாது. எந்த அழுகையானாலும் அந்தக் கிணற்றடிக்குத்தான் கொண்டுபோவாள். அந்தக் கை இரண்டையும் கழற்றி விட்டு, இல்லையடி, உன் அம்மா இருக்கிறா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உம்முடைய ஆயுள் சீட்டுக்கு எந்த நாள் கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்? இரண்டு தரம் அழ வைப்பதிலும் ஒரு தரத்தோடு முடியட்டும் என்று நினைத்தேன்.

வின்சன்ற் அன்று கந்தோரால் வந்ததும், அம்மா செத்ததை ஏன் அப்பா எனக்குச் சொல்லேல்லை என்று அவனையும் கேட்டாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான், கழுவினான், அப்படிக் கழுவினான். திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆகவே என்னை மட்டும் சபிக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு ஸமீமாதான் மதிலால் எட்டி நின்று ஏசினாள். உசிரோட இருக்கிற உம்மாவ மௌத்தாக்கிப் போட்டீங்களே, ஆண்டவனுக்குப் பயமில்லையா என்று கேட்டாள். பிள்ளைக்குத் தான் சொல்லப் போவதாகவும் வெருட்டினாள். அன்றைக்கே ஐறீனை அந்த வீட்டுக்குப் போவதிலிருந்து மறித்தேன். இப்போது அவள் மீனைக் கேட்பதுமில்லை. குளத்தை ஆடியில் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிட்டோம். பயற்றங்காய் போட்டிருக்கிறேன், சேற்று மண் அல்லவா, கைப்பிடி கைப்பிடியாகக் காய்க்கிறது.

இந்த மாதம் மரித்தோர் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போனோம். எங்கள் அம்மாவின் கல்லறையில் நான் மெழுகுதிரி கொளுத்தினேன். ஐறீன் தனக்கும் ஒன்று கேட்டாள். அம்மாவை எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டாள். தூரத்தில் என்றேன், அதுவும் பொய்யல்ல. எங்கள் அம்மாவின் கல்லறை ஓரத்தில் அவளே சிறிய மண் மேடு குவித்து, மெழுகுதிரியை நட்டு, காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. நல்ல பிள்ளையாக நின்றாள். பார்த்த சனங்களெல்லாம் கண் கலங்கினார்கள். வீட்டுக்கு வரும் வழியில், கால் நோகிறதா என்று கேட்டதற்கு, இல்லையம்மா என்றாள். வாய் தவறித்தான் சொன்னாள். நான் திருத்தவில்லை.

இனி நீர் வருவதைப் பற்றி. வீடு உம்முடையதுதான், மறிக்க நான் ஆர்? ஆனால் வாசலில் உம்மைக் கண்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமென்று யோசியும். பேயைக் கண்டதுபோல அலறுவாள். அலறி முடிந்ததும் கணக்குக் கேட்பாள். இத்தனை நாளும் எங்கேயிருந்தாய் என்று உம்மைக் கேட்பாள். ஏன் சொல்லவில்லை என்று அப்பாவைக் கேட்பாள். என்னை என்ன கேட்பாள் என்று நான் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை. பிறகு இந்த வீட்டில் யார் சொல்வதை அவள் நம்புவாள்? வருகிற வருடம் முதல் நன்மை எடுத்து நற்கருணை வாங்கப் போகிற பிள்ளை.

நான் ஒரு வழி சொல்கிறேன். கல்கிசையில் உமது தமையன் வீடு இருக்கிறதே, அங்கே தங்கும். கடற்காற்று உமக்கு நல்லது, டாக்குத்தரும் அதைத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் வின்சன்ற் வந்து பார்த்துவிட்டுப் போவான். செலவுக்குக் குறை வைக்க மாட்டான். பிள்ளை வளர்ந்து, விஷயம் தாங்குகிற வயது வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் அவளைப் பார்க்க வேண்டுமென்று மிகவும் மனம் கேட்டால், கோயிலில் பின்வாங்கில், முக்காடு போட்டுக்கொண்டு இருந்து பாரும். நாங்கள் இரண்டாம் பூசைக்கு வருவோம், முன்வரிசையில். நீலச் சட்டையும் வெள்ளை றிபனும் போட்டிருப்பாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.

இந்த விலாசத்துக்கு மட்டும் இனி எழுத வேண்டாம். எழுதுவதானால் வின்சன்றின் கந்தோருக்குப் போடும். தபாற்காரன் மணியடித்தால் இப்போது ஐறீன்தான் முதலில் ஓடுகிறாள். உறையில் எழுதியிருப்பதையெல்லாம் தானாகவே வாசிக்கிறாள்.

ஒவ்வொரு இரவும் படுக்கும்முன் உமது ஆத்துமத்துக்காக அவள் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்கிறாள். ஒருநாளும் மறந்ததில்லை. இத்தனை பாசமாக உமக்காக மன்றாட உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள், மேபல்? தேவதாயார் உம்மைத் தம் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. உம்மைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்தப் பிள்ளையின் செபத்தைக் கெடுத்துவிடாதேயும்.

இப்படிக்கு,
மச்சாள் பிறிஜெற்